வாகன வானொலியும் அலைவாங்கியும்: பழவேற்காட்டுச் சாலையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு செல்லும் வழியில் உள்ள ஊர் திருப்பாலைவனம். திருப்பாலீஸ்வரர் கோயிலால் அறியப்படும் இவ்வூரைக் கடந்தால் வயல்கள் குறைந்து, உப்பங்கழியும் மீனவக் குப்பங்களும் தொடங்குகின்றன. சென்னை நகரின் நடுப்பகுதியிலிருந்து பழவேற்காடு நேர்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னைப் பண்பலை நிலையங்களின் ஒலி நகருக்குள் இருப்பதைவிட இங்கு மெலிந்திருக்கும். ஆனால் முற்றிலும் மறைந்துவிடாது.

அதனால் இச்சாலை ஒரு வண்டியின் வானொலிக்கு நல்ல சோதனைக்களம். நகருக்குள் குறையின்றிப் பாடும் வானொலி இங்கே வந்ததும் இரையத் தொடங்கினால், குறை நிலையத்தில் இருப்பதாகவே பலரும் எண்ணுவர். அதே இடத்தில் வேறொரு வண்டியில் அதே நிலையம் தெளிவாகக் கேட்குமானால் குறை வண்டிக்குள் இருக்கிறது என்று பொருள். குறிப்பாக, தொழிற்சாலையில் பொருத்தி வந்த வானொலியைக் கழற்றிவிட்டுக் கடையில் புதியது மாட்டிய வண்டிகளில் இக்குறை மிகுதி. புதிய கருவி பழையதைவிட விலை உயர்ந்ததாகவும் இருக்கலாம். அப்படியிருந்தும் ஏற்பு குறைவது ஏன் என்பதற்கு விடை, வாகன அலைவாங்கியின் 90 ஆண்டுக்கால வரலாற்றில் உள்ளது.

சென்னையில் வானொலியின் தொடக்கம்

1924 ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணத்தட்டுப்பாட்டால் 1927 இல் கழகம் மூடப்பட்டு, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. மெரினா கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியபோது இப்பணி அதன் கைக்கு வந்தது.

அக்காலத்தில் வீட்டில் வானொலி வைத்திருந்தவருக்கு அலைவாங்கி என்பது கண்ணுக்குத் தெரிந்த பொருள். பேச்சு வழக்கில் அது 'ஏரியல்'. மாடியில் இரண்டு கம்பங்களுக்கிடையே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ஒரு முனையைக் கருவியுடன் இணைப்பார்கள். மற்றொரு கம்பி மண்ணில் புதைத்த தகட்டுக்குச் செல்லும். ஏரியல் அறுந்தால் ஒலி போகும் என்பது சிறுவர்களுக்கும் தெரிந்திருந்தது. வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் பெற்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நடைமுறையும் 1980களின் நடுப்பகுதி வரை இருந்தது.

வண்டிக்குள் வந்த வானொலி

அமெரிக்காவில் பால் கால்வின் நடத்திய நிறுவனம் 1930 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வாகன வானொலியின் பெயர் மோட்டோரோலா. பின்னாளில் அந்நிறுவனமே அப்பெயரைச் சூடிக்கொண்டது. செருமனியின் பிளாபுங்க்ட் நிறுவனம் 1932 இல் ஐரோப்பாவின் முதல் வாகன வானொலியை வெளியிட்டது. வால்வுகள் கொண்ட இக்கருவிகள் அளவில் பெரியவை, மின்கலத்தை விரைவில் தீர்ப்பவை.

தொடக்கத்தில் கார்களின் கூரை மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியதாக இருந்தது. அத்துணிக்கு அடியில் கம்பி வலையைப் பரப்பி அலைவாங்கியாகப் பயன்படுத்தினர். 1930களின் நடுவில் முழு எஃகுக் கூரை வந்தபோது இம்முறை பயனற்றுப் போயிற்று, ஏனெனில் எஃகு வானலைகளை மறைத்துவிடும். அலைவாங்கி வெளியே வந்து, வண்டியின் முகப்பில் நிற்கும் நீண்ட கம்பியாக மாறியது. வண்டியின் வடிவம் மாறும்போதெல்லாம் அலைவாங்கியும் மாற வேண்டியிருந்தது என்பதற்கு இது முதல் சான்று.

இக்கம்பியின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சென்னை வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு 720 கிலோஹெர்ட்சில் இயங்குவது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 417 மீட்டர். இதில் கால்பங்கு நீளத்துக்குக் கம்பி வைப்பதென்றால் 100 மீட்டருக்கு மேல் வேண்டும். காரில் அது நடவாது. 101.4 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் அலைநீளமோ 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால்பங்கு சுமார் 74 சென்டிமீட்டர். காரில் எளிதாகப் பொருத்தக்கூடிய நீளம் அது. எனவே ஒரே கம்பி பண்பலைக்குச் சரியான நீளமாகவும், மத்திய அலைக்கு மிகக் குட்டையாகவும் அமைகிறது.

மத்திய அலையில் இக்குறையை ஈடுகட்டப் பழைய வாகன வானொலிகளில் ஒரு சிறு திருகு இருந்தது. புதிய வானொலியை மாட்டும் பணியாளர், 1400 கிலோஹெர்ட்சுக்கு அருகே மெலிவாகக் கேட்கும் ஒரு நிலையத்தை வைத்து, ஒலி உச்சத்துக்கு வரும்வரை அத்திருகைத் திருப்புவார். அந்தக் கருவியை அந்த வண்டியின் கம்பியோடும் வடத்தோடும் இசைவிக்கும் வேலை அது. கருவியை மாற்றினால் அலைவாங்கியோடு மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும் என்ற அறிவு தொழிலாளர் கையில் இருந்த காலம் அது.

இந்தியச் சாலைகளில்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களிலும், 1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800 இலும் பெரும்பாலும் வானொலியைக் கடையில்தான் பொருத்திக்கொண்டனர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் அதன் சுற்றுப்புறமும் இவ்வேலைக்குப் பெயர் பெற்றன. முகப்பில் துளையிட்டு இழுத்து நீட்டும் கம்பியைப் பொருத்துவதும், வடத்தை இழுத்துக் கருவியில் சொருகுவதும் ஒரே கடையில் நடந்தன. கருவியும் அலைவாங்கியும் ஒன்றாக வாங்கப்பட்டதால் இரண்டுக்கும் இடையே பிணக்கு எழவில்லை.

1977 சூலை 23 அன்று இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. 2000க்குப் பின் தனியார் பண்பலை நிலையங்கள் பெருகின. வானொலியும் வட்டு இயக்கியும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. இதே காலத்தில் அலைவாங்கி கண்ணிலிருந்து மறையத் தொடங்கியது.

மறைந்த அலைவாங்கி

1969 ஆம் ஆண்டின் போன்டியாக் கிராண்ட் பிரி காரில் முன்கண்ணாடிக்குள் மெல்லிய கம்பியைப் பதித்து அலைவாங்கி ஆக்கினர். பின்னர் பின்கண்ணாடியில் பனி நீக்கும் வெப்பக் கம்பிகளையே அலைவாங்கியாகப் பயன்படுத்தும் முறை வந்தது. கூரைமீது சுறாத்துடுப்பு வடிவில் சிறு மூடிக்குள் அடக்கும் முறையும் பரவியது. இவை பார்வைக்கு அழகு. காற்றில் இரைவதில்லை, எவரும் ஒடித்துப் போவதுமில்லை. ஆனால் நீண்ட கம்பியைவிடக் குறைவான அலையையே இவை வாங்குகின்றன.

அக்குறையை நிரப்ப, அலைவாங்கியின் அடியிலேயே சிறு மின்பெருக்கி வைக்கப்பட்டது. அதற்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். பல கார்களில் அதற்கெனத் தனிக் கம்பி இல்லை. வானொலிக் கருவியே அலைவாங்கி வடத்தின் நடுக்கம்பி வழியாக அம்மின்சாரத்தை மேலே அனுப்புகிறது. ஒரே வடத்தில் வானலை கீழே வருகிறது, மின்சாரம் மேலே செல்கிறது.

கடையில் வாங்கும் கருவிகளில் பெரும்பாலானவை வடத்தில் மின்சாரம் அனுப்புவதில்லை. எனவே கருவியை மாற்றியதும் மின்பெருக்கி ஊட்டமின்றி நிற்கிறது. இயங்காத மின்பெருக்கி அலையைப் பெருக்காததோடு, வருகிற அலையையும் தடுக்கிறது. நகருக்குள் வானலை வலுவாக இருப்பதால் இது தெரிவதில்லை. பொன்னேரியைத் தாண்டும்போது தெரிகிறது.

இதற்குத் தீர்வு எளிது. அலைவாங்கி வடத்துக்கும் கருவிக்கும் இடையே மின்னூட்டும் இணைப்பியைப் பொருத்தி, அதன் கம்பியைக் கருவியின் நீலக் கம்பியுடன் சேர்க்க வேண்டும். நீலக் கம்பி அலைவாங்கிக்கானது. நீலமும் வெள்ளையும் கலந்த கம்பி ஒலிக்கான தனி மின்பெருக்கியை இயக்குவதற்கானது. சில கருவிகளில் நீலக் கம்பி, வானொலியைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மின்சாரம் தரும். இவ்வளவும் செய்த பின்னும் இரைச்சல் இருந்தால் கவனிக்க வேண்டியவை வேறு: தளர்ந்த சொருகி, துரு ஏறிய நிலமுனை, மலிவான கைப்பேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, ஒளிப்பதிவுக் கருவி ஆகியவை. இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இரைச்சலின் மூலம் பிடிபடும்.

கடலோர ஊர்களில் நிலமுனைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கம்பியின் அடிப்பகுதி வண்டியின் உடலோடு நன்கு தொட்டிருந்தால்தான் ஏற்பு சரியாக அமையும். உப்புக்காற்றில் அந்த இடம் துருப்பிடிக்கிறது, செம்பு பச்சைபூக்கிறது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகளில் ஒலி திரும்பிவிடும்.

கரையில் வானொலியின் தேவை

பழவேற்காட்டுப் பகுதியில் வானொலி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கைகளைக் கடலுக்குச் செல்வோர் நெடுங்காலம் வானொலி வழியாகவே அறிந்தனர். டிரான்சிஸ்டர் வானொலி இதை எளிதாக்கியது. அதனுள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டே மத்திய அலைக்கான அலைவாங்கி. கருவியின் முகமோ முதுகோ நிலையத்தை நோக்கி இருக்கும்போது ஒலி மிகும், பக்கவாட்டு முனை நோக்கினால் குறையும். வானொலியைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தவர்கள், அறிந்தோ அறியாமலோ அலைவாங்கியைத்தான் திருப்பினார்கள்.

இங்கு மத்திய அலைக்கு இயற்கையின் துணையும் உண்டு. நிலத்தைவிட உப்புநீர் மின்சாரத்தைப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும். ஆதலால் மத்திய அலை கடற்பரப்பின்மேல் குறைவாகவே வலுவிழந்து நெடுந்தூரம் செல்கிறது. பண்பலை அப்படியன்று, அது பார்வைக்கோட்டில் செல்வது. 150 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து புறப்படும் பண்பலை, கடல்மட்டத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள அலைவாங்கிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வரையே நேராக எட்டும். அதற்கப்பால் புவியின் வளைவு மறைக்கிறது. தொலைவில் நிற்கும் படகுக்கு நம்பகமானது மத்திய அலையே.

இதன் தேவையைப் புயல்கள் உணர்த்தின. 1984 நவம்பர் 14 அன்று கடும் புயல் ஒன்று பழவேற்காடு ஏரியை அடுத்த சிறீஅரிக்கோட்டா அருகே கரையைக் கடந்தது. அதே பத்தாண்டில், இன்சாட் செயற்கைக்கோள் வழியே கடலோர ஊர்களுக்கு நேரடியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வட தமிழ்நாட்டுக் கரையிலும் தென் ஆந்திரக் கரையிலும் நிறுவப்பட்டன. மீனவருக்கெனத் தனி வானொலி என்ற கருத்து 2016 இல் பாம்பனில் 90.4 மெகாஹெர்ட்சில் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலியில் உருப்பெற்றது.

இன்றைய நிலை

மீன் ஏற்றிக்கொண்டு சென்னைக்குச் செல்லும் 'குட்டி யானை' வண்டிகளிலும் வாடகைக் கார்களிலும் இன்று தொடுதிரைக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. இவற்றுள் பலவற்றில் பண்பலை மட்டுமே உண்டு, மத்திய அலை இல்லை. சென்னை உட்பட நாட்டின் பல மத்திய அலை நிலையங்களில் அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். எனும் எண்ணிம ஒலிபரப்பைத் தொடங்கியது. அதை ஏற்கும் கருவிகளைச் சில கார் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தின. அத்தகைய காரில் கருவியை மாற்றுபவர் அந்த வசதியையும் சேர்த்தே இழக்கிறார்.

கைப்பேசியிலும் இதே கதைதான். கைப்பேசியின் பண்பலை வானொலிக்குச் செவிப்பொறியின் வடமே அலைவாங்கி. வடமில்லாச் செவிப்பொறி வந்தபின் அந்த அலைவாங்கியும் போயிற்று. பேரிடர்க் காலத்தில் இணையமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்தாலும் வானொலி ஒலிக்கும் என்பதால், கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்க வேண்டாம் என இந்திய அரசு 2023 இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது.

முடிவுரை

வானொலி என்பது இரண்டு பாதிகள் கொண்டது. ஒரு பாதி கையில் உள்ள கருவி, மற்றது வெளியே உள்ள அலைவாங்கி. மாடியில் கம்பி கட்டிய காலத்தில் இரண்டும் கண்ணுக்குத் தெரிந்தன. அலைவாங்கி கண்ணாடிக்குள் மறைந்தபின் முதல் பாதியை மட்டுமே மக்கள் வாங்குகின்றனர், மாற்றுகின்றனர். கருவியை மாற்றுமுன் தன் வண்டியின் அலைவாங்கி எங்கே இருக்கிறது, அதற்கு மின்சாரம் எவ்வழியே போகிறது, புதிய கருவியில் மத்திய அலை உண்டா என்ற மூன்றையும் கேட்டறிவது நல்லது. நகரில் இருப்பவருக்கு அது பாட்டுத் தெளிவாகக் கேட்பதற்கான வழி. மழைக்காலத்தில் பழவேற்காட்டுச் சாலையில் செல்பவருக்கு, புயல் எச்சரிக்கை காதில் விழுவதற்கான வழி.