லொத்தே லேமன்: மேடையும் வகுப்பறையும்

மேலைத்தேய இசை வரலாற்றிலே பாடகரின் புகழ் பெரும்பாலும் அவர்தம் குரலோடு ஒடுங்கிவிடும் இயல்பினது. ஒலித்தட்டு குரலைக் காக்கும். ஆயின் ஒரு பாடலின் பொருளை உணர்ந்து வெளிப்படுத்தும் முறையானது ஆசிரியர் வழியாகவே அடுத்த தலைமுறையைச் சென்றடைகின்றது. இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக அமைவது சொப்ரானோ பாடகி லொத்தே லேமனின் வாழ்வாகும்.

1888ஆம் ஆண்டு ஜேர்மனியின் பேர்லபேர்க் நகரிற் பிறந்த லேமன், பேர்ளினில் இசை பயின்றார். அக்காலத்திற் புகழ்பெற்றிருந்த எத்தெல்கா கேர்ஸ்ரரின் பாடசாலை, முன்னேற்றம் போதாதெனக் கூறி அவரை நீக்கிவிட்டது. பின்னர் மத்தில்டே மலிங்கர் அவரை மாணவியாக ஏற்றார். வாக்னரின் 'மைஸ்ரர்சிங்கர்' இசைநாடகம் 1868இல் முதன்முதலாக மேடையேறியபோது ஏவா பாத்திரத்தை ஏற்றவர் இம் மலிங்கரே. ஓர் ஆசிரியர் கைவிட்ட குரலை மற்றோர் ஆசிரியர் கண்டெடுத்தார் எனலாம்.

1910இல் ஹம்பேர்க்கிற் சிறு பாத்திரங்களோடு தொடங்கிய லேமன், 1916இல் வியன்னா அரசவை இசைநாடக அரங்கிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே ரிச்சட் ஸ்ட்ராவுஸின் 'அரியாட்னே' நாடகத்தின் திருத்திய வடிவம் அரங்கேறியது. ஒத்திகைக்கு வராத பாடகியின் இடத்தில் நின்று பாடிய இளம் லேமனுக்கே இசையமைப்பாளன் பாத்திரத்தை ஸ்ட்ராவுஸ் வழங்கினார். 1919இலும் 1924இலும் அவருடைய வேறிரு நாடகங்களின் முதல் அரங்கேற்றங்களிலும் லேமன் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றார். 'றோசன்கவலியர்' நாடகத்தின் மூன்று பெண்குரற் பாத்திரங்களையும் வெவ்வேறு காலங்களிற் பாடிய சிறப்பும் அவர்க்குண்டு. மூச்சுக் கட்டுப்பாட்டிற் குறை கண்ட விமர்சகர்களும் அவருடைய உணர்ச்சி வெளிப்பாட்டை வியந்தனர்.

நாசிகளின் எழுச்சி இவ்வாழ்வைத் திசைதிருப்பியது. 1934இல் கேரிங் அவரைப் பேர்ளினுக்கு அழைத்துப் பேசினார். வெளிநாடுகளிற் பாடலாகாது என்ற நிபந்தனையைத் தாம் ஏற்க மறுத்ததாக லேமன் பிற்காலத்தில் எழுதினார். ஆயின் மைக்கேல் கேற்றர் 2008இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு, ஊதியமும் ஒப்பந்த விதிகளும் அப்பேச்சில் முக்கிய இடம்பெற்றமையை எடுத்துக்காட்டியது. தன்வரலாற்றுக் கூற்றை வரலாற்று மாணவர் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். எவ்வாறாயினும் ஜேர்மன் மேடை அவர்க்கு மூடப்பட்டது. 1938இல் ஒஸ்திரியா நாசிகள் வசமாயிற்று. கணவரின் பிள்ளைகள் யூதத் தாய்க்குப் பிறந்தவர்களாதலால் அவர்களும் ஆபத்துக்குள்ளாயினர். லேமன் அமெரிக்காவிற் குடியேறி, 1945இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார்.

1951 பெப்ரவரி 16ஆந் திகதி நியூயோர்க் கச்சேரியின் நடுவே தாம் ஓய்வு பெறுவதை அறிவித்தார். இறுதியாகப் பாடிய சூபேர்ட்டின் இசை வாழ்த்துப் பாடலை அழுகை மேலிட்டதால் அவரால் முடிக்க இயலவில்லை. எனினும் அவருடைய பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. 1947இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராப் பகுதியில் மேற்கு இசைக் கல்லூரி உருவாவதற்குத் துணைநின்றோருள் அவரும் ஒருவர். அங்கே அவர் நடத்திய வகுப்புகளிற் குரற்பயிற்சி நுட்பத்தினும் பாடலின் சொற்பொருளும் பாத்திரத்தின் உள்ளமுமே முதலிடம் பெற்றன. நுட்பத்தைப் பிற ஆசிரியர்களிடம் கற்ற மாணவர் பொருளை இவரிடம் கற்றனர்.

அம்மாணவருள் ஒருவர் கிறேஸ் பம்பிறி. 1961இல் பைறொயித் விழாவில் 'தன்ஹொய்சர்' நாடகத்தின் வீனஸ் பாத்திரத்திற்கு அவர் தெரிவானபோது, கறுப்பினப் பெண்ணொருவர் அதனை ஏற்பதா எனக் கண்டனங்கள் எழுந்தன. அவர் பாடி முடித்தபோதோ அரங்கம் நெடுநேரம் கைதட்டி வரவேற்றது. இனவெறியாட்சியால் தாய்நாட்டு மேடையை இழந்த ஆசிரியையின் மாணவி, அந்நாட்டிலேயே இனத்தடையொன்றைத் தகர்த்தமை கருதத்தக்கது.

1976இல் சாந்தா பார்பராவில் லேமன் மறைந்தார். தகுதியில்லையென ஒருகாற் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டவரின் பெயரை இன்று அந்நகர்ப் பல்கலைக்கழகத்தின் இசையரங்கம் தாங்கிநிற்கின்றது. மாணவரின் ஆற்றலை அளவிடும் பொறுப்பு எத்துணைக் கனமானது என்பதை இவ்வரலாறு கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் ஒருங்கே உணர்த்துகின்றது.