தலைமையாசிரியரின் மேற்பார்வையும் மாணாக்க ஆசிரியரும்

பள்ளித் தலைவர் தம் கீழுள்ள ஆசிரியரை மேற்பார்த்தல் என்பது அவரைச் சோதித்தலா, அவர்க்குக் கற்பித்தலா என்னும் வினா இன்று எழுந்ததன்று. இங்கிலாந்தின் தொடக்கக் கல்வி வரலாற்றில் 1846-க்கும் 1862-க்கும் இடைப்பட்ட காலம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது என்பது எம் கருத்து. அதன் வேரோ சென்னையில் உள்ளது.

1789-இல் எழும்பூர் ஆண் அனாதை விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுதலைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். ஆங்கிருந்த உதவி ஆசிரியர் அஃது இயலாதென்றார். பெல் அப்பணியை ஜான் பிரிஸ்கின் என்னும் 8 வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை ஆங்கிலப் பள்ளியுள் புகுந்த வரலாறு இது. 1797-இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழி இது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றுப் பரவிற்று. எனினும், சட்டாம்பிள்ளை தான் கற்றதையே பிறர்க்கு ஒப்புவித்தான். அவனை நல்லாசிரியனாக வளர்க்கும் ஏற்பாடு அம்முறையில் மெலிந்தே இருந்தது.

இக்குறையை நிரப்ப முற்பட்டவர் கல்விக்குழுச் செயலர் கே-ஷட்டில்வொர்த். அவர் வகுத்த 1846-ஆம் ஆண்டு விதிகளின்படி, 13 வயது நிரம்பியோர் ஐந்தாண்டுக் காலம் மாணாக்க ஆசிரியராக அமர்ந்தனர். பகலில் வகுப்பு நடத்திய அவர்க்கு, பள்ளி நேரத்திற்குப் புறம்பே, வாரத்தில் 5 நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியரே பாடஞ்சொல்லுதல் வேண்டும். அவ்வுழைப்பிற்கு, மாணாக்க ஆசிரியர் ஒருவராயின் ஆண்டுக்கு 5 பவுனும் இருவராயின் 9 பவுனும் அரசு அளித்தது. ஆய்வாளர் ஆண்டுதோறும் தேர்வு நடத்தி நற்சான்று தந்தாலன்றி அத்தொகை கிட்டாது. பிறரை வளர்த்தலும் ஊதியத்திற்குரிய பணியே என அரசு ஒப்பியமை இங்குக் கருதத்தக்கது. தலைவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டிருப்பின் இத்திட்டம் ஓராண்டேனும் நின்றிராது என்பது எம் துணிபு.

1862-இல் ராபர்ட் லோ கொணர்ந்த திருத்த விதிகள் இதனைக் குலைத்தன. மாணவரின் வருகையும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பெறும் தேர்ச்சியுமே மானியத்திற்கு அளவுகோலாயின. தலைமையாசிரியர்க்குரிய தனித்தொகை நின்றது. வாரத்திற்கு ஏழரை மணியாக இருந்த பயிற்சி 5 மணியாகச் சுருங்கிற்று. மாணாக்க ஆசிரியர் தொகையும் விரைந்து வீழ்ந்தது. 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதனை வன்மையாகக் கண்டித்தும் பயன் விளையவில்லை. சென்னை மாகாணமும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சி மானிய முறையை மேற்கொண்டது. அது தனியே ஆராயத்தக்கது.