நில அதிர்வளவையும் சமூகப் பயன்பாடும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அளவைக் கருவியின் வரலாற்றைத் தொழினுட்ப வளர்ச்சியின் வரலாறாக மட்டுமே நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கருவி யாருக்காக அளந்தது, அளவீடு யார் கையைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் அதனால் மறைந்துவிடுகின்றன. நில அதிர்வளவையை முன்னிறுத்தி அவ்வினாக்களை நாம் இங்கு எழுப்புவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் மில்ன் அமைத்த அதிர்வுமானி வரிசையில் கொடைக்கானலும் கொழும்பும் இடம்பெற்றன. பதிவுகள் இங்கிலாந்தின் வைற் தீவில் திரட்டப்பட்டன. 1960களில் ஐக்கிய அமெரிக்கா, நிலத்தடி அணுவெடிப்புகளைக் கண்டறியும் நோக்கோடு, ஒரே தரத்திலான கருவிகளை உலகில் 100க்கு மேற்பட்ட இடங்களில் நிறுவியது. கொடைக்கானல் அவற்றுள் ஒன்று.

அக்கருவிகளில் குறுங்கால அலைகளுக்கான பெருக்கத்தை 3,125 முதல் 400,000 வரை படிப்படியாக அமைக்கலாம். ஆயின், தெரிந்த பெருக்கம் கையால் நிலைநிறுத்தப்பட்டது. அது மிகின் பேரதிர்ச்சியின்போது கோடு தாளைக் கடந்துவிடும். குறையின் சிற்றதிர்வு புலப்படாது.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவை பெருக்கம் மாற்றத்தக்க விரியலாக்கிகளே. கருவி விரியலாக்கி எனப்படுவது, உணரியிலிருந்து வரும் இரு கம்பிகளுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் பெருக்குவது. மின்வழங்கலின் 50 ஹேட்ஸ் இரைச்சல் போன்று இரண்டிலும் ஒருசேரப் புகுவனவற்றைப் பெரும்பாலும் விலக்குவது. அதன் பெருக்கத்தை 1, 10, 100 எனக் கட்டளையால் மாற்றும் வசதி பின்னர் உருவாயிற்று. இதே கோட்பாட்டில், 1970களில் பரவிய இலக்கமுறை அதிர்வுப்பதிவிகளில், அதிர்வு வலுக்கப் பெருக்கம் தானே குறைந்தது. ஒவ்வோர் அளவீட்டோடும் அவ்வேளைப் பெருக்கநிலையும் பதியப்பட்டமையால் உண்மையளவை மீட்க முடிந்தது. பின்வந்த 24 இருமக் கூறு இலக்கமாக்கிகள் 16,777,216 படிகளைத் தந்து இத்தேவையையும் பெரிதும் குறைத்தன.

2000ஆம் ஆண்டில் கண்டிக்கு அருகே பல்லேகலையில், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவகத்தைச் சார்ந்த திட்டத்தின்கீழ் உலக வலையமைப்பு நிலையமொன்று அமைந்தது. நாட்டின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் அக்காலத்தில் தெஹிவளைக் காலி வீதியில் இயங்கியது. கருவி குறைவற்றதாயிருந்தது, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வழங்கும் அமைப்பு இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை 6.50 அளவில் கோட்டையிலிருந்து புறப்பட்ட புகையிரதம் வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றது. இலங்கை நேரம் 6.59க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. 15 நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் அதனை 8.0 அளவெனக் கணித்துப் பசிபிக் நாடுகளுக்கு அறிவித்தது, உண்மையளவு 9.1. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கல்முனை, முல்லைத்தீவுக் கரைகளை அலை தாக்கியது. அதன்பின்னரும் அப்புகையிரதம் நிறுத்தப்படவில்லை. பெரலியவில் அதனோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், பின்னர் ஹக்மனவிலும் மகாகனதராவவிலும் எழுந்த நிலையங்களும் இவ்வழிவின் பின்விளைவுகளே. நுண்ணளவையின் தொழினுட்பச் சிக்கல் அதற்கு வெகு முன்பே தீர்ந்திருந்தது. அளவீட்டை மீனவர் குடிசைக்கும் புகையிரத நிலையத்துக்கும், அவ்வவ் மக்களின் மொழியில், உரிய வேளையிற் கொண்டுசேர்க்கும் நிறுவன ஒழுங்கே பின்தங்கியிருந்தது. விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் இப்பின்னடைவையும் வரலாற்றின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே நமது துணிபு.