நான் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்த பாடம்



உங்கள் அறிவியல் நோட்டில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் கரும்பலகையில் தொண்டையின் படம் வரைந்து, "விழுங்கும்போது குரல்வளை மூடி வந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொள்ளும், எழுதிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது தப்பில்லை. ஆனால் பாதிதான். மீதியைத் தெரிந்துகொண்டது சென்ற ஆண்டு, அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு.

சோறு ஓரளவு இறங்கியது. தண்ணீர்தான் ஒவ்வொரு மடக்குக்கும் புரையேறியது. "ஊர்ல பெரியவன் நினைக்கிறான்" என்று தங்கை உச்சந்தலையில் தட்டினாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூடி இருக்கும்போது தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்ற கேள்வி விடாமல் குடைந்தது. பழைய புத்தகங்களைத் தேடினேன்.

இது 2,400 ஆண்டுப் பழைய கேள்வி. குடிக்கும் நீர் நுரையீரலுக்குப் போய் இதயத்தைக் குளிர்விக்கிறது என்று பிளேட்டோ 'டிமேயஸ்' நூலில் எழுதினார். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களுள் இதயத்தைப் பற்றிய ஒன்றில் சோதனையே இருக்கிறது: தாகமெடுத்த பன்றிக்கு நீலமோ செங்காவியோ கலந்த நீரைக் கொடு, குடிக்கும்போதே கழுத்தை அறுத்துப் பார், மூச்சுக்குழலில் சாயம் தெரியும். பெரும்பகுதி வயிற்றுக்குப் போனாலும் கொஞ்சம் காற்றுவழியில் இறங்குகிறது என்பது அவர் முடிவு. குடித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தை அறுத்தால் வேறென்ன தெரியும்!

அரிஸ்டாட்டில் இதை ஏற்கவில்லை. நுரையீரலிலிருந்து வயிற்றுக்கு வழியே இல்லையே, நீர் எப்படிப் போகும் என்று கேட்டார். மூடியின் வேலையைத் தெளிவாக எழுதியவரும் அவரே. பறவைகளுக்கு அந்த மூடி கிடையாது, அவை மூச்சுக்குழலின் வாயையே சுருக்கிக்கொள்கின்றன என்பதையும் கவனித்தார். மூடி இல்லாமலும் காக்க முடியும் என்ற குறிப்பு அதிலேயே இருக்கிறது. ஆனாலும் என் காலம்வரை கரும்பலகையில் மூடிக்குத்தான் முழுப் பெருமை.

1813இல் பிரான்சில் மஜந்தி என்ற உடலியல் அறிஞர் நாய்களுக்கு அந்த மூடியை வெட்டி எடுத்துவிட்டுத் தீனி போட்டார். (மயக்க மருந்து வராத காலம். படிக்கும்போது மனம் சங்கடப்பட்டது.) நாய்கள் புரையேறாமல் விழுங்கின! காப்பது முக்கியமாக அதற்குக் கீழே குரல்வளை தன்னையே இறுக்கி மூடிக்கொள்ளும் செயல் என்று அவர் காட்டினார்.

இப்போது எச்சிலை விழுங்கிப் பாருங்கள், கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு. அந்த மேடு மேலே ஏறி இறங்குகிறதா? குரல்வளை முழுவதும் மேலும் முன்னும் நகர்ந்து நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. மூடி மடிகிறது. மூச்சு ஏறக்குறைய ஒரு நொடி நிற்கிறது. உணவுக்குழலின் வாய் திறக்கிறது. இத்தனையையும் வரிசைப்படுத்துவது மூளைத்தண்டு. இதையும் மீறி ஏதாவது நுழைந்தால்தான் இருமல்.

அம்மாவுக்குக் கெட்டுப்போனது மூடியல்ல, இந்த நேரக்கணக்கு. தண்ணீர் வேகமாக ஓடிவிடுகிறது. கதவு சாத்தத் தாமதமாகிறது. சிலருக்கு இருமல்கூட வராமல் நுரையீரலுக்கு இறங்கிவிடுமாம். பிறகு காய்ச்சல், நிமோனியா. விழுங்கும் பயிற்சி தரும் பெண் இதை விளக்கியபோது, படுத்த நிலையிலேயே நான் பாலாடையில் கஞ்சி ஊற்றிய முதல் நாட்கள் நினைவுக்கு வந்தன. பதில் பேச முடியவில்லை.

நிமிர்ந்து உட்கார வை, தாடையைத் தாழ்த்தச் சொல், சின்னக் கரண்டி, நீர்ப்பொருளைக் கெட்டியாக்கிக் கொடு என்றார் அவர். இது அம்மாவைப் பரிசோதித்துச் சொன்னது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரையேறினால் தலையில் தட்டிவிட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா இப்போது பரவாயில்லை. "வாத்தியார் வீட்டுக் காபி கூழா இருக்கு" என்று தினமும் குறை சொல்கிறார்.