வடக்கன்குளத்துச் சுவர்

பொதுப்பணித் துறையில் டிராப்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோயிலுக்குப் போனாலும் கண் முதலில் தரைப்படத்தைத்தான் தேடும். சுவர் தானாக முளைக்காது. கோடு போட்டவர் ஒருவர், சரி என்று கையெழுத்திட்டவர் ஒருவர், பணம் தந்தவர் ஒருவர் என்று ஆள் இருந்தே தீரும்.

நெல்லை மாவட்டத் தென்கோடியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஓயாமல் அடிக்கும் வடக்கன்குளத்தில் திருக்குடும்பக் கோயில் இருக்கிறது. 1872இல் கட்டி முடித்தது. பீடம் ஒன்று. அங்கே வந்து கூடும் நீளக் கூடங்கள் இரண்டு. மேலிருந்து பார்த்தால் விரித்துப் போட்ட கால்சட்டை என்று கேலி பேசுவார்கள். ஒரு கால் பிள்ளைமாருக்கும் முதலிமாருக்கும், மறு கால் நாடார்களுக்கு. தொழில்காரனாகச் சொன்னால் கெட்டிக்கார வேலை. பூசை வைக்கும் சாமியார் இரு பக்கத்தாருக்கும் தெரிவார். இந்தப் பக்கத்தார் முகம் அந்தப் பக்கத்தாருக்குத் தெரியாது. கோணத்தைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ இது நடக்காது. கணக்குப் போட்டுத்தான் வரைந்திருக்கிறார்கள்.

இதை வெள்ளாளர் பிடிவாதம் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. கோயில் சேசு சபைச் சாமியார்களின் பொறுப்பில் இருந்தது. அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு செங்கல் ஏறியிருக்காது. சாதியோடு அனுசரித்துப் போவது ராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே மதுரை மிஷனில் பழகிப்போன வழி. 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர், சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள்ளும் குருக்கள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். சபை என்ன செய்தது? பறையருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கிக் கொடுத்தது. ஆணையும் நிறைவேறியது, தீட்டும் படவில்லை! அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இந்தச் சாமர்த்தியம் புதிதல்ல.

மறு வருடம், 1745 மே 14 அன்று, இதே வடக்கன்குளத்தில்தான் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கீழே வைக்கப்பட்டவர்களோடு ஒட்டி உறவாடியதும் அரண்மனைக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம் என்பார்கள். 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறை வடக்கன்குளத்திலேயே இருக்கிறது. இந்தக் கதை தெரியாமல், அந்த ஞானஸ்நானம் நடந்து 127 வருடம் கழித்து இப்படியொரு கோயிலைக் கட்டினார்கள் என்று சொல்ல வழியில்லை.

1910இல் பங்குச் சாமியாராக இருந்த பிரெஞ்சுக்காரர் கௌசானல் இரண்டு கூடங்களையும் பிரித்த நடுத்தடுப்பை இடித்தார். பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கியவரும் இவர்தான். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறித் தோற்றது. சாதியைச் சொல்லிக் கோயிலுக்குள் தனி இடம் கேட்கக் கிறிஸ்தவருக்கு உரிமை இல்லை என்றாகிவிட்டது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று 1917ஆம் வருடச் சட்டத் தொகுப்பில் தீர்ப்பு இருக்கிறது. பார்த் என்பது திருச்சி ஆயரின் பெயர். ஊர்க்கதை முழுவதையும் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் எழுதியிருக்கிறார்.

எனக்குத் தரைப்படத்தில் ஒன்று உறுத்துகிறது. அந்தக் காலத்துப் பூசையில் சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். சனங்களுக்கு முதுகு. நடுநடுவே திரும்பிக் கைவிரித்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று லத்தீனில் சொல்வார். அப்படித் திரும்பும்போது இரண்டு கூடமும் ஒருசேர அவர் கண்ணில் படும். கட்டடத்தில் வேறு எங்கே நின்றாலும் பாதிதான் தெரியும். பிள்ளைமாருக்கு நாடாரைப் பார்க்காதிருக்க வசதி செய்து கொடுத்தவர்கள், பார்க்காதிருக்கும் வசதியைச் சாமியாருக்கு மட்டும் வைக்கவில்லை. 38 வருடம் அந்தப் பீடப் படியில் நின்றவர்கள் ஒவ்வொரு பூசையிலும் திரும்பினார்கள், பார்த்தார்கள், மறுபடி பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களில் பக்திமான்கள் இருந்திருப்பார்கள், பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றியவர்களும் இருந்திருக்கலாம். தடுப்பை அகற்றுவது மட்டும் தங்கள் வேலையாக அவர்களுக்குத் தோன்றவில்லை. கத்தோலிக்கனான எனக்கு இதைச் சொல்லக் கூசுகிறது.

2022 மே 15 அன்று தேவசகாயத்தை ரோமில் புனிதராக உயர்த்தினார்கள். அதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை நீக்கச் சொல்லி வத்திக்கானுக்கு எழுதினார் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம். சாதிப் பட்டம் நீங்கிய பெயரே அறிவிப்பில் வந்தது. எங்கள் பக்கத்துத் திருவிழா நோட்டீசில் ‘பிள்ளை’ இன்னமும் அச்சாகிறது.