பாலையமும் உளத்துணையும்: தேனி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தோன்றும் உருவம் ஆணோ பெண்ணோ எனத் துணியவியலாதவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியச் சொல்லதிகார விதி. பேடு எனப்பட்டாரை உயர்திணையுள் வைத்து, ஆண்பாற் சொல்லால் அவரைச் சுட்டுதலை விலக்கியதும் அந்நூலே. ஆயின் முன்னையது காண்பான் ஐயம். பின்னையது துணிந்த நிலை. தன் பால் யாதெனத் தன்னுள்ளே வினவுவார்க்கு வழி யாது? இலக்கணம் அதனைக் கூறிற்றில்லை. கூறுதல் அதன் கடனும் அன்று. அவ்வழி பிறந்த அண்மை வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

துணைநிற்க வேண்டிய மருத்துவமோ நெடுங்காலம் அவ்வினாவை நோயென்றே கொண்டது. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்று, 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப்பகுப்பின் பதினோராம் பதிப்பே அதனை உளநோய் வரிசையினின்று நீக்கிற்று.

தமிழகத்துத் திருப்பம் நீதிமன்றத்தில் நேர்ந்தது. மதுரையினின்று சென்னைக்கு அடைக்கலம் நாடிச் சென்ற இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டி வழக்குத் தொடுத்தனர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் உளத்துணைவரிடம் அனுப்பினார். பின்னர், இப்பொருளைத் தாமும் முற்ற உணர்ந்திலர் என வெளிப்படக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே பாடங்கேட்டார். தீர்ப்பளிப்பார் மாணாக்கராய் அமர்ந்த இச்செயலை யாம் தீர்ப்பினும் பெரிதாக மதிக்கிறோம். வழக்கு பால்நாட்டம் பற்றியது. எனினும் 2021 சூன் 7-ஆம் நாள் ஆணை, பால் அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும் சேர்த்தே தடுத்தது. அத்தகைய முயற்சி மருத்துவர்க்குத் தொழில் ஒழுக்கக்கேடு எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

ஆணை எட்டிய ஊர்க்கெல்லாம் துணை எட்டியதோ எனின், அன்று. தேனி மாவட்டம் 1996-இல் மதுரையினின்று பிரிந்தது. கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும் பின்னர் எழுந்தது. ஆயினும் சிறப்பு மருத்துவத்துக்குக் கூடலூராரும் கம்பத்தாரும் மதுரையையே நாடினர். 2010 இறுதியில் நின்ற இரயில் அகலப்பாதையாகித் தேனிக்கு மீண்டது 2022 மே மாதத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் பேருந்தே கதி. திராட்சைத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் இளையர் ஒருவர் ஒரு நாட்கூலியை இழந்தாலன்றி மதுரை செல்லலாகாது. ஏன் சென்றாய் என்னும் வீட்டார் வினாவுக்கும் விடை வேண்டும்.

2022-இல் தோன்றிய 14416 என்னும் தொலைபேசி மனநலப் பணி அத்தொலைவைக் குறைத்தது. மறைவாய்ப் பேச ஓரிடம் தேடுதல் மட்டும் எஞ்சிற்று. ஓரறை வீடுகளில் அஃது எளிதன்று.

நல்ல உளத்துணை விடையை விரைவுபடுத்துவதில்லை. 'உம்மை எவ்வாறு அழைக்கலாம்?' என்று முதற்கண் கேட்கிறது. விடை வருங்காறும், பழைய விதிப்படியே, 'அவர்' என்னும் சொல் போதும்.