கரிசல் சீமையில் சர்க்கரையை அளந்த வரலாறு

2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழாவாலும் தறிகளாலும் பெயர் பெற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலத்தில் அமைந்தது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நீடிக்கும் நீரிழிவு நோய், இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு இத்தகைய வட்டாரங்களில் வசதி படைத்தோரின் வியாதி என்றே எண்ணப்பட்டது. இன்றோ தறிக்கூடத்திலும் காடுகரையிலும் உழைப்பவர் வீட்டிலும் ‘சுகர் மாத்திரை’ அன்றாடப் பண்டமாகிவிட்டது. இந்நோயைக் கட்டுப்படுத்திய முயற்சிகளை மருந்துகளின் வரலாறாக மட்டும் எழுதுவதே வழக்கம். கூர்ந்து நோக்கினால், ஒவ்வொரு காலத்திலும் சர்க்கரையை எந்த அளவுக்கு அளந்தறிய முடிந்ததோ அந்த அளவுக்கே அதை அடக்கவும் முடிந்தது என்பது புலப்படும்.

பழைய மருத்துவத்தில் அளவு என்பது கிடையாது. உண்டா இல்லையா என்னும் தீர்ப்பு மட்டுமே இருந்தது. நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதையும் அது தேன்போல் இனிப்பதையும் இந்தியப் பண்டை மருத்துவர்கள் அறிந்திருந்தனர். சுசுருதர், சரகர் பெயர்களில் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் சிறுநீர் மிகுந்து கழியும் நோய்களை இருபதாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றை மதுமேகம் என்றன. பிறவியிலேயே வருவது, தவறான உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது என்று சுசுருத நூல் செய்த பிரிவு, இன்றைய முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவுகளை ஓரளவு நினைவூட்டுவது. சித்த மருத்துவர்கள் நாடி, நாக்கு, விழி உள்ளிட்ட எட்டுத் தேர்வுகளுள் சிறுநீரையும் ஒன்றாக வைத்து, அதன் நிறம், மணம், எடை, நுரை, அளவு முதலியவற்றை நோக்குவதை நீர்க்குறி என்றும், அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பதை நெய்க்குறி என்றும் வகுத்தனர். இவற்றால் நோயின் போக்கை ஊகிக்க முடிந்ததே தவிர, நேற்றைக்கு இன்று சர்க்கரை கூடியதா குறைந்ததா என்று சொல்ல வழியில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால், நாட்டு வைத்தியர் குடும்பங்களில் மட்டும் கைமாறி வந்த முறைகள் இவ்வட்டாரத்தில் பாடத்திட்டமாகவும் அரசு மருந்தகச் சரக்காகவும் மாறின. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருது ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் ஆவாரைக் குடிநீர் இன்றும் நீரிழிவுக்கு வழங்கப்படுகிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாவில் இனிப்புச் சுவை சிறிது நேரம் தோன்றாது. கடலழிஞ்சில் வேரில் உள்ள ஒரு பொருள், குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தடுக்கிறது என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது. இவற்றை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவது சரியன்று. ஆனால் இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைக்கு ஆவாரம்பூக் கஷாயம் உயிர் காக்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய பிழை. எந்தச் சரக்கு எவருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று காட்ட அளவுகோல் இல்லாததால், இந்த வேறுபாடு நெடுங்காலம் தெளிவாகவில்லை.

சங்கரன்கோவிலின் பிணிதீர்க்கும் மரபு வேறு வகையானது. கோயிலில் வழங்கப்படும் புற்றுமண்ணைத் தோல்நோய்களுக்குப் பூசுவதும், தீராத நோய்க்கு நேர்ந்துகொண்டு மாவிளக்கு ஏற்றுவதும் இங்கு நிலைத்த வழக்கங்கள். முதுகிலும் பிடரியிலும் பல கண்களோடு உடையும் பெருங்கட்டியைத் தமிழ் மருத்துவம் ராஜப்பிளவை என்றழைத்தது. நீரிழிவு உள்ளோரிடம் அது மிகுதியாகத் தோன்றும் என்பது இன்று தெரிந்த உண்மை. ஆறாத புண்ணோடும் பிளவையோடும் அம்மன் சன்னதிக்கு வந்தோரில் சிலருக்கேனும் அடிப்படைக் காரணம் சர்க்கரையாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. வெளியே தெரிந்த புண்ணுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. உள்ளே ஏறிக்கிடந்த சர்க்கரைக்கு அடையாளமே இல்லாததால் வேண்டுதலும் இல்லை.

மேனாட்டு மருத்துவத்திலும் 1921 வரை நிலைமை மேம்பட்டதாக இல்லை. கணையம் என்னும் சுரப்பியிலிருந்து ஊறும் இன்சுலினே உணவின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் செலுத்துகிறது. அது இல்லாத நோயாளிகளை அமெரிக்க மருத்துவர் ஃபிரடெரிக் ஆலன் பட்டினிக்கு ஒப்பான உணவுமுறையால் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கூடுதலாக வாழவைத்தார். கனடாவின் டொரோன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் ஆகியோர் பிரித்தெடுத்த இன்சுலின், 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ப்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மறு ஆண்டே நோபல் பரிசும் வந்தது. இரண்டாம் வகை நோயாளிக்கான மாத்திரைகள் 1950களின் நடுவில்தான் வந்தன. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் மிகுதியாக வழங்கப்படும் மெட்ஃபார்மினை 1957இல் நீரிழிவு மருந்தாக நிறுவியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன். அதன் மூலமும் ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் வழங்கிய ஒரு செடியே என்பது, பச்சிலைக்கும் மாத்திரைக்கும் இடையே தீராப் பகை கற்பிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி.

தமிழகத்தில் இந்நோயைத் தனித்துறையாக வளர்த்தவர் மருத்துவர் எம். விசுவநாதன். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948இல் அவர் தொடங்கிய நீரிழிவுப் பிரிவு இந்தியாவில் முதலாவது எனக் கூறப்படுகிறது. 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தனி மருத்துவமனையை நிறுவினார். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கச் சொன்ன மேனாட்டு உணவுப் பட்டியல் சோற்றையே நம்பி வாழும் மக்களிடம் செல்லாது என்பதைக் கண்டு, மாவுச்சத்து இருக்கட்டும், அதனோடு பருப்பும் கீரையும் காயும் கூடி நார்ச்சத்து மிகட்டும் என்னும் உணவுமுறையை அவர் பரப்பினார். நோயாளி கடைப்பிடிக்கக்கூடிய கட்டுப்பாடே கட்டுப்பாடு என்னும் நடைமுறையறிவு அதில் இருந்தது.

ஆனால் சென்னையில் வளர்ந்த துறை தென்கோடிச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது ஒரு கண்ணாடிக் குழாயின் வழியாகவே. அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய செப்புக் கரைசலில் ஐந்து மில்லிலிட்டர் எடுத்து, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லையேல் நீலம் நீலமாகவே இருக்கும்; இருந்தால் அதன் மிகுதிக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏறும். ஒரு சாராய விளக்கும் குழாயும் இருந்தால் போதும் என்பதால் ஊர்ப்புற மருத்துவமனைகளிலும் சில வீடுகளிலும்கூட இது நடைபெற்றது. முதல்முறையாக நோய்க்குப் படிநிலைகள் கிடைத்தன. சிவப்பு வந்தால் மருந்தைக் கூட்டுவது, நீலம் வந்தால் அப்படியே விடுவது என்று முடிவெடுக்க முடிந்தது. அதன் குறைகளோ பெரியவை. இரத்தச் சர்க்கரை, ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் கசியவிடும். முதியோருக்கு இவ்வரம்பு இன்னும் உயரும். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது இன்றைய வரையறை. ஆகவே நோயிருந்தும் குழாய் நீலமாகவே நின்றவர் பலர். சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, 70க்குக் கீழே போய், வியர்வையும் நடுக்கமுமாக மயங்கும் ஆபத்தை இச்சோதனை காட்டவே காட்டாது. கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதான பிறகே நோயறிந்தவர் முந்தைய தலைமுறையில் மிகுந்திருந்ததற்கு, அவர்களின் அலட்சியத்தைவிடக் கையிலிருந்த கருவியின் மழுக்கமே பெரிய காரணம் எனலாம்.

இன்சுலின் போட்டுக்கொண்டோரின் பாடு தனி. கண்ணாடி ஊசிக்குழலை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், கரிசல் கோடையில், மருந்துப் புட்டியை ஈரம் கசியும் மண்பானையில் வைத்துக் காக்க வேண்டும். மண்பானையைப் பழங்காலத்து எளிய உத்தி என்று எண்ண வேண்டியதில்லை; குளிர்பெட்டி இல்லாதோருக்கு மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கும் முறையே அது.

சர்க்கரையை அளக்கும் கருவி இவ்வாறு மழுங்கியிருந்தபோதுதான் உணவும் உழைப்பும் மாறின. மேற்கே மலையடிவாரத்தில் வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கம் குளத்துப் பாசனத்தில் நெல் விளைந்தாலும், கிழக்கே கரிசல் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் வரகுமே அன்றாட உணவு. நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்கு உரியது என்பதைக் கி. ராஜநாராயணன் முதலிய கரிசல் எழுத்தாளர்கள் விரிவாகப் பதிந்துள்ளனர். 1960களின் பிற்பகுதியில் வந்த உயர்விளைச்சல் நெல் இரகங்களும், தவிட்டை முற்றாக நீக்கித் தீட்டும் ஆலைகளும், நியாயவிலைக் கடைகளும் சேர்ந்து வெள்ளையரிசியை மூன்று வேளைக்கும் உரியதாக்கின. தமிழக அரசு 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வழங்கிய அரிசி, 2011 ஜூன் முதல் விலையின்றியே கிடைத்தது. பசியை ஒழித்த இத்திட்டத்தை நோயின் காரணமென்று பழிப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் தட்டில் சோறு பெருகி, பருப்பும் காயும் அதே விகிதத்தில் பெருகாதது உண்மை. சிறுதானியத்தையும் கருப்பட்டியையும் மருந்தாகவே போற்றும் இன்றைய போக்கும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. கம்பஞ்சோறு உண்டவர்களைக் காத்ததில் கம்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு ஏருக்கும் களைக்கொத்துக்கும் உண்டு. குழித்தறியில் நாள் முழுதும் மிதிக்கட்டையை மிதித்த நெசவாளியின் இடத்தில், ஓடும் விசைத்தறிகளின் இழையறுவதைக் கவனித்து நிற்கும் தொழிலாளி வந்தார். தேநீர்க் கடையின் சர்க்கரையும் இரவுப்பணியின் உறக்கக்கேடும் அவரோடு சேர்ந்தன.

விளைவை எண்கள் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1970களின் முற்பகுதியில் எடுத்த கணக்கில் இந்திய நகரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கும், கிராமங்களில் அதைவிடக் குறைவானோருக்குமே நீரிழிவு இருந்தது. அதே கழகத்தின் துணையோடு நடந்து 2011இல் வெளியான ஆய்வு, தமிழகத்தின் நகர்ப்புறத்தில் 13.7 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புறத்தில் 7.8 விழுக்காட்டினருக்கும் நோய் இருப்பதைக் கண்டது.

அளவைகள் இதற்கிடையே கூர்மையடைந்தன. 1965இல் வந்த இரத்தச் சோதனைப் பட்டையும் அதைத் தொடர்ந்த மின்கருவியும் படிப்படியாகச் சிறுத்து, விரல்நுனியில் ஒரு துளி இரத்தத்தால் நொடிகளில் எண்ணைச் சொல்லும் குளுக்கோமீட்டராயின. ஈரானிய அறிவியலாளர் சாமுவேல் ரஹ்பர் 1960களின் இறுதியில் கவனித்த ஒரு மாற்றத்திலிருந்து பிறந்தது எச்பிஏ1சி சோதனை. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அதன் நிறமியில் ஒட்டிய சர்க்கரையின் விழுக்காடு கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்றும் வழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைத்தது எனினும், இரத்தசோகை மிகுந்த கிராமப்புறப் பெண்களிடம் இவ்வெண் சில நேரம் தவறாகவும் அமையும். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சேதம் குறையும் என்பதை 1993இல் அமெரிக்காவிலும் 1998இல் பிரிட்டனிலும் முடிவுகள் வெளியான நெடுநாள் ஆய்வுகள் உறுதிசெய்தன; இத்தகைய அளவைகள் இன்றி அவ்வாய்வுகளே நடந்திருக்க முடியாது.

அரசின் பங்கில் இரண்டு கட்டங்கள் உண்டு. உலக வங்கி உதவியுடன் சில மாவட்டங்களில் தொற்றா நோய்களுக்கென வெள்ளோட்டமாகத் தொடங்கிய திட்டம், 2012 முதல் நீரிழிவையும் சேர்த்துக்கொண்டு மாநிலமெங்கும் விரிந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்தோருக்கு இலவசச் சோதனையை வழக்கமாக்கியது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பெண் தன்னார்வலர்கள் மூலம் சோதனைக் கருவியையும் மாத்திரைகளையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நின்ற தறித்தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதன் பயன் மிகப் பெரிது. ஆயினும் மருந்து வீடுவரை வந்துவிட்டதாலேயே சர்க்கரை அடங்கிவிடுவதில்லை. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவுகளைக் கொண்டு செய்த ஒரு கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்திய நீரிழிவு நோயாளிகளில் தமக்கு நோயிருப்பதை அறிந்தவர் ஏறத்தாழப் பாதிப்பேர். சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர் நால்வரில் ஒருவர் மட்டுமே.